ஓய்வூதியத்துக்குப் பிறகு வரும் உண்மை

1966 அக்டோபரில், நியூயார்க்கில் உள்ள ஐ.நா. பொது அவை மண்டபத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். காஞ்சி மகா பெரியவர் எழுதிக்கொடுத்த ‘மைத்ரீம் பஜத’, ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாட்டு என்று அந்தக் கச்சேரியின் கதையைச் சென்னையில் சபா வாசலை மிதித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஏற்பாடு செய்தவர் சி.வி. நரசிம்மன் என்பதும் பலருக்குத் தெரியும். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1956-ல் ஐ.நா. பணிக்குப் போனவர் அவர். ஹாமர்ஷீல்டு, ஊ தாண்ட் ஆகிய இரண்டு பொதுச்செயலர்களின் தலைமை அலுவலராக இருந்து, அவர்கள் மேசைக்குப் போகும் கோப்புகளை எல்லாம் பார்த்தவர். மகாபாரதத்தை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவரும் அவரே.

அவர் சொன்ன இன்னொரு செய்தி மட்டும் நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை. 2001-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளரிடம் மேற்கு பப்புவாவைப் பற்றி அவர் பேசினார். அங்கே 1969-ல் நடந்த வாக்கெடுப்பு வெறும் பூசி மெழுகிய வேலை என்றார். அந்தத் தலைவலியை எவ்வளவு சீக்கிரம் தீர்த்துவிடலாம் என்பதுதான் அன்று ஐ.நா.வில் இருந்த மனநிலை என்றும், அங்கே வாழ்ந்த மக்களின் அடிப்படை உரிமையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சொன்னவர் வெளியாள் அல்லர். அந்த நிலப்பகுதி கைமாறிய விவகாரத்தைத் தலைமையகத்தில் கையாண்டவரே அவர்தான்.

விவகாரம் இதுதான். நியூகினித் தீவின் மேற்குப் பாதியான மேற்கு பப்புவா டச்சுக்காரர்களிடம் இருந்தது. 1962 ஆகஸ்டில் நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் ஐ.நா. தலைமையகத்தில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஏழு மாதங்கள் ஐ.நா. நிர்வகித்தது. 1963 மே 1-ல் நிலம் இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தோனேசியாவோடு இருப்பதா, பிரிவதா என்று 1969-க்குள் பப்புவா மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், அது சர்வதேச வழக்கப்படி நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை. அன்று அங்கே இருந்த மக்கள்தொகை சுமார் 8 லட்சம். இந்தோனேசிய அரசு ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கி எடுத்தது. துப்பாக்கிக்காரர்களின் நடுவே அவர்களிடம் கேட்டது. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை.

இதைப் பார்வையிட ஐ.நா. அனுப்பிய பொலிவியத் தூதர் தன் மனக்குறைகளை அறிக்கையில் எழுதத்தான் செய்தார். முடிவுக்கு வரும்போது, மக்களின் விருப்பத் தேர்வு ‘இந்தோனேசிய வழக்கப்படி’ நடந்தேறியது என்று முடித்தார். ஒப்பந்தத்தில் இருந்தது ‘சர்வதேச வழக்கப்படி’. ஒரே ஒரு சொல் மாறியிருக்கிறது. பொய் என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. உண்மை என்று சொல்லிவிடவும் முடியாது. சர்வதேச அதிகார வர்க்கத்தின் கைத்திறனைப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த ஒற்றைச் சொல்லில் இருந்து தொடங்கலாம். 1969 நவம்பர் 19-ல் பொது அவை இந்த அறிக்கையைக் ‘கவனத்தில் எடுத்துக்கொண்டது’. ஆதரவு 84, எதிர்ப்பு ஒன்றுமில்லை, விலகி நின்றவை 30 நாடுகள்.

1969-க்கும் 2001-க்கும் இடையில் 32 ஆண்டுகள். நரசிம்மனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. அவராவது சொன்னார், சொல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் உள்ளே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று வெளியே வருவதற்கு ஏன் ஒரு தலைமுறை ஆகிறது?

எந்த நாட்டுக்கும் வேலை செய்யாத அதிகாரி

எந்த நாட்டுக்கும் கட்டுப்படாத அரசு ஊழியர் என்ற எண்ணமே நூறு ஆண்டுப் பழசுதான். முதல் உலகப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கத்தின் முதல் பொதுச்செயலர் எரிக் டிரம்மண்ட், பிரிட்டிஷ்காரர். நாடுகள் தத்தம் ஆட்களை அனுப்பிவைக்கும் கூடாரமாகச் செயலகம் இருக்கக் கூடாது, ஊழியர்கள் சங்கத்துக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பின்னால் ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவு இதையே சட்டமாக்கியது. ஊழியர்கள் எந்த அரசிடமிருந்தும் உத்தரவு கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது. உறுப்பு நாடுகளும் அவர்களை வளைக்க முயலக் கூடாது.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஐ.நா.வின் முதல் பொதுச்செயலர் டிரிக்வே லீ காலத்திலேயே அது கிழிந்தது. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. ஐ.நா.வில் வேலை பார்த்த அமெரிக்கர்களை அமெரிக்க அரசு சல்லடை போட்டுச் சலிக்க 1949-லேயே ரகசியமாக ஒத்துக்கொண்டார் லீ. பிறகு எஃப்.பி.ஐ. ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே அலுவலகம் போட்டு உட்கார்ந்து விசாரித்தது. அந்த நெருக்கடி உச்சத்தில் இருந்த 1952 நவம்பரில் ஐ.நா.வின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஏபிரகாம் ஃபெல்லர் தன் வீட்டு ஜன்னலில் இருந்து குதித்து இறந்தார்.

மறுபக்கத்தில், நடுநிலை நாடுகள் உண்டு, நடுநிலை மனிதர்கள் கிடையாது என்று சொன்னார் சோவியத் தலைவர் குருசேவ். அதற்கு 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரையின் வழியாகப் பதில் சொன்னார் ஹாமர்ஷீல்டு. அதிகாரி கருத்தே இல்லாத மரக்கட்டையாக இருக்க வேண்டியதில்லை; தன் விருப்பு வெறுப்பு தன் வேலையில் கலக்கிறதா என்று தன்னைத்தானே கவனித்துக்கொண்டிருந்தால் போதும்; கடைசியில் இது நேர்மை பற்றிய கேள்வி என்பது அவர் வாதம். அதே ஆண்டு செப்டம்பரில் இன்றைய ஜாம்பியாவின் இண்டோலா அருகே விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் அமைப்பு, அந்த நேர்மை உள்ளவர் போன பிறகு என்ன ஆகும் என்பதற்கு அவர் பதில் எதுவும் விட்டுச்செல்லவில்லை.

இன்றைய ஐ.நா. செயலகத்தில் சுமார் 35,000 பேர் வேலை செய்கிறார்கள். உலகிலேயே அதிகச் சம்பளம் தரும் அரசுப் பணிக்கு ஈடாக உயர் அதிகாரிகளின் சம்பளம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச சங்கக் காலத்தில் இருந்து வரும் கொள்கை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, சொந்த ஊருக்குப் போய்வரப் பயணச்செலவு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வேலை நிரந்தரம் மட்டும் பலருக்குக் கிடையாது. காலவரையுள்ள ஒப்பந்தம், அதைப் புதுப்பிக்க மேலதிகாரியின் தயவு. மேலே ஏற ஏற, நாடுகளின் தயவும் வேண்டும். அமைதிப்படைத் துறையின் தலைமை 1997 முதல் பிரெஞ்சுக்காரர்களுக்கே போகிறது. மனிதாபிமானப் பணித் துறை 2007 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கு. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. களத்தில் இருக்கும் அதிகாரிக்கோ விசாவைக் கையில் வைத்திருப்பது அந்த நாட்டு அரசு. 2009 செப்டம்பரில் இலங்கையில் யுனிசெஃப் செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் எல்டரின் விசா ரத்தானது. குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்து பேசியிருந்தார்.

இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? நம் ஊர் தாலுகா அலுவலகத்தில் நாற்பது முறை ஏறி இறங்கியவர்களுக்கு இது புரியும். மனுவை மறுக்க மாட்டார்கள். ‘மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்’ என்பார்கள். மேலிடம் ‘விவாதிக்கவும்’ என்று குறிப்பு எழுதிக் கீழே அனுப்பும். கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கும்; முடிவெடுத்தவர் என்று ஒருவர் இருக்க மாட்டார். பட்டா மாறுதல் விஷயத்தில் இது எரிச்சல். உயிர் விஷயத்தில் என்ன நடக்கும் என்பதை 1994 காட்டியது.

ஒரு தொலைநகல்

ருவாண்டாவில் ஐ.நா. அமைதிப்படையின் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ தல்லேர். 1994 ஜனவரி 11-ல் நியூயார்க்குக்கு ஒரு தொலைநகல் அனுப்பினார். ஹுட்டு ஆயுதக் குழுவினருக்குப் பயிற்சி தரும் ஒருவர் ரகசியமாக வந்து பேசியிருக்கிறார். டுட்சி மக்களின் பட்டியல் தயாராகிறது, கொல்வதற்காக இருக்கலாம். இருபது நிமிடத்தில் ஆயிரம் பேர் வரை கொல்லும் ஏற்பாடு இருக்கிறது. ஆயுதங்கள் பதுக்கிய இடம் தெரியும், 36 மணி நேரத்தில் நான் அவற்றைக் கைப்பற்றப்போகிறேன் என்று எழுதினார். அமைதிப்படைத் துறைக்கு அப்போது தலைவர் கோஃபி அன்னான். அவர் பெயரில், அவருடைய துணை அதிகாரி இக்பால் ரிசா கையெழுத்திட்டுப் பதில் போனது. உமக்குத் தரப்பட்ட அதிகாரத்தில் அது வராது, செய்யாதீர். ருவாண்டா அதிபரிடம் தகவலைச் சொல்லுங்கள் என்றது பதில். அதாவது, யாருடைய ஆட்கள் கொலைக்குத் தயாராகிறார்களோ அவர்களின் பக்கத்திலேயே போய்ச் சொல்லச் சொன்னது.

ஏப்ரலில் தொடங்கிய கொலைகள் நூறு நாட்கள் நடந்தன. சுமார் 8 லட்சம் பேர் இறந்தார்கள். கொலை தொடங்கி இரண்டு வாரத்தில் பாதுகாப்பு அவை அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது.

அப்போது ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதரகப் பணியில் இருந்து இதையெல்லாம் உள்ளிருந்து பார்த்தவர் மைக்கேல் பார்னெட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். பின்னாளில் அவர் எழுதிய புத்தகத்தில் என்னை உறுத்திய இடம் அவர் தன்னைப் பற்றிச் சொல்வதுதான். தலையிடாமல் இருப்பதே ஐ.நா.வுக்கு நல்லது என்று அவரும் அன்று மனதார நம்பியிருக்கிறார். சோமாலியாவில் அதற்கு முந்தைய ஆண்டு பட்ட அடி எல்லோர் நினைவிலும் இருந்தது. இன்னொரு தோல்வி வந்தால் ஐ.நா.வே மிஞ்சாது என்று பேசிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையில் கெட்ட எண்ணம் இல்லை. நிறுவனத்தைக் காப்பாற்றுவதும் மனிதர்களைக் காப்பாற்றுவதும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. படையை அதிகப்படுத்தச் சொல்லித் தல்லேர் மன்றாடியதைச் செயலகம் பாதுகாப்பு அவையின் முன் அழுத்தமாக வைக்கவே இல்லை என்பதையும் பார்னெட் எழுதுகிறார்.

1997-ல் அன்னான் பொதுச்செயலர் ஆனார். ரிசா அவருக்குத் தலைமை அலுவலர் ஆனார். 1999-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை செயலகத்தைக் கடுமையாகச் சாடியது. அந்த விசாரணைக்கு உத்தரவிட்டவரும் அன்னானே என்பதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆனாலும் பதவி போனவர் என்று ஒருவர்கூட இல்லை.

கிளிநொச்சி வாசல்

2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் திரண்டு நின்றார்கள். போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். வன்னியில் இருக்கும் உதவிப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொல்லியிருந்தது. வெளிநாட்டு ஊழியர்கள் வண்டிகளில் ஏறிப் புறப்பட்டார்கள். அந்தக் காட்சியை அங்கே வேலை பார்த்த ஒருவரின் கேமரா பதிவுசெய்தது. உலகத் தமிழர்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலராலும் அவர்கள் குடும்பங்களாலும் கிளம்ப முடியவில்லை, புலிகள் அனுமதி தர மறுத்தார்கள். ஒரே அலுவலகம், ஒரே நீல நிற இலச்சினை. கடவுச்சீட்டின் நிறத்தைப் பொறுத்து யார் வண்டியில், யார் பதுங்குகுழியில் என்று முடிவானது.

சாட்சி இல்லாத போர் அதன் பிறகு தொடங்கியது என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியல்ல. 2009 ஜனவரியில் உணவு வண்டிகளோடு போன பதினோராவது தொடரணியில் இருந்த ஐ.நா. ஊழியர்கள் சிலர் திரும்பாமல் வன்னிக்குள்ளேயே தங்கினார்கள். அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில், சுதந்திரபுரம் அருகே பதுங்குகுழியில் இருந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தின் துல்லியமான குறியீட்டை ராணுவத்துக்குத் தந்திருந்தார்கள். ஜனவரி 24 அதிகாலையில் அந்த இடத்தின் மேல் எறிகணைகள் விழுந்தன. விடிந்து வெளியே வந்து அவர்கள் பார்த்தது, சிதறிக் கிடந்த உடல்கள். அரசுப் படைகள் இருந்த திசையில் இருந்துதான் எறிகணைகள் வந்தன என்று கொழும்புக்குத் தகவல் போனது.

கொழும்பில் ஐ.நா. ஊழியர்களின் சிறு குழு சாவுகளை எண்ணத் தொடங்கியது. மருத்துவர்கள், உள்ளூர் ஊழியர்கள், பாதிரியார்கள், தொண்டு நிறுவனத்தார் என்று பல வாய்களில் கேட்டு, மூன்று தனித்தனி ஆதாரங்கள் பொருந்தினால்தான் கணக்கில் சேர்த்தார்கள். 2008 ஆகஸ்டில் இருந்து 2009 மே 13 வரை அவர்கள் இப்படி எண்ணிய இறப்பு 7,721, காயம் 18,479. அப்பட்டமான குறைமதிப்பீடு என்பது எண்ணியவர்களுக்கே தெரியும். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

இந்த எண்கள் அன்று வெளியே போகவில்லை. ‘சரிபார்க்கப்படாதவை’ என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. போரில் சரிபார்ப்பு என்றால் என்ன? நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போனவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டாயிற்று. நிருபர்களுக்கு அனுமதி இல்லை. பார்க்க முடியாதபடி கதவைச் சாத்திய பிறகு, பார்க்கவில்லை என்பதையே காரணமாக்கும் தர்க்கம் இது. உணவுக் கணக்கிலும் இதே கதை. வன்னிக்குள் 70,000 பேர்தான் என்றது அரசு. அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருப்பார்கள் என்பது ஐ.நா. ஊழியர்களுக்குத் தெரியும். போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,80,000-க்கும் மேல்.

இதையெல்லாம் நான் ஊகித்து எழுதவில்லை. ஐ.நா. தன்னைத்தானே விசாரித்து, 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. சார்ல்ஸ் பெட்ரி என்ற முன்னாள் ஐ.நா. அதிகாரி தலைமையிலான குழு எழுதியது அது. கொழும்பில் இருந்த உயர் அதிகாரிகள் பலர், பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்றே நினைக்கவில்லை என்கிறது அறிக்கை. வளர்ச்சிப் பணிகளுக்காக வந்தவர்கள் அவர்கள். ஒரு பெரும் போரின் நடுவில் ஐ.நா.வின் முகமாக நிற்க வேண்டியிருந்தது. நியூயார்க்கும் அவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்லவில்லை. புலிகள் மக்களைப் பிடித்துவைத்ததையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததையும் ஐ.நா. பெயர் சொல்லிக் கண்டித்தது. கண்டிக்க வேண்டியதுதான், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் எறிகணை வீச்சு என்று வரும்போது, வீசியவர் யார் என்ற இடத்தில் வாக்கியங்களில் எழுவாய் காணாமல் போனது. ‘மக்கள் இறந்ததாக அறிகிறோம்’ என்பது போன்ற வாக்கியங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் அது கடினமில்லை போலும்.

ஏன் இப்படி? பெட்ரி அறிக்கை இதைப் பேரம் பேசும் பண்பாடு என்கிறது. இதைப் பேசாமல் விட்டால் நாளை பத்து வண்டி உணவு போகும். எண்ணிக்கையை வெளியிட்டால் விசா போகும். ஒவ்வொரு பேரமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், உணவும் போய்ச் சேரவில்லை, உண்மையும் வெளியே வரவில்லை. பாதுகாப்பு அவையோ இலங்கையை நிகழ்ச்சி நிரலில் முறைப்படி எடுக்கவே இல்லை. கூட்டக் குறிப்பு எழுதப்படாத ‘முறைசாராக் கலந்துரையாடல்’களோடு நிறுத்திக்கொண்டது.

இந்தச் சூழலில் ஒருவர் மட்டும் எண்ணைச் சொன்னார். 2009 மார்ச் 13-ல் மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை, ஜனவரி 20-ல் இருந்து 2,800-க்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை விட்டார். இரு தரப்புச் செயல்களும் போர்க்குற்றம் ஆகக்கூடும் என்றும் சொன்னார். முந்தைய நாள் வரை ஐ.நா.வின் மூத்த அதிகாரிகள் அந்த வரைவைத் தணிக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பெட்ரி அறிக்கை பதிவுசெய்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ் வம்சாவளிப் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து வழக்காடியவர் நவி பிள்ளை. தமிழர் என்பதால் பேசினார் என்று கொழும்பில் சொன்னார்கள். அப்படியானால் மற்றவர்கள் எந்த இனத்தவர் என்பதால் பேசாமல் இருந்தார்கள்?

கொழும்பில் ஐ.நா. செய்தித் தொடர்பாளராக இருந்த கார்டன் வைஸ், பணியை விட்டு வெளியேறி 2011-ல் விரிவான புத்தகம் எழுதினார். வன்னியில் வேலை பார்த்த பெஞ்சமின் டிக்ஸ் 2019-ல் சித்திர நாவல் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் மதிக்கத்தக்க பணிகள்தான். ஆனால், உண்மை இங்கேயும் வேலையை விட்ட பிறகுதான் வந்தது.

உள்ளே இருந்து சொன்னால்

வேலையில் இருக்கும்போதே சொன்னவர்களுக்கு என்ன ஆனது? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் படையினர் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள் என்ற உள் அறிக்கை ஒன்று 2014-ல் ஜெனீவாவில் ஐ.நா. அதிகாரி ஆண்டர்ஸ் கோம்பாஸின் மேசைக்கு வந்தது. அதை அவர் பிரெஞ்சு அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்கள் விசாரணையைத் தொடங்கினார்கள். ஐ.நா.வோ 2015-ல் கோம்பாஸை இடைநீக்கம் செய்தது. ரகசியக் காகிதத்தை வெளியே தந்துவிட்டாராம். அந்த இடைநீக்கம் சட்டவிரோதமானது என்று ஐ.நா.வின் தீர்ப்பாயமே சொல்ல வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு முழுமையாகக் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். விடுவிக்கப்பட்ட சில மாதங்களில் அவரே வேலையை விட்டுப் போனார். அப்போது அவருடைய துறைக்கு மேல் இருந்த மனித உரிமை ஆணையர் அலுவலகமே இதில் தலைகுனிந்து நின்றது என்பதையும் மறக்கக் கூடாது. நவி பிள்ளை ஓய்வுபெற்றுப் போயிருந்தார்.

ஹைத்தியின் கதை இன்னும் மோசம். 2010 அக்டோபரில் அங்கே காலரா பரவியது. நேபாள அமைதிப்படையினரின் முகாமில் இருந்து கழிவு ஆற்றில் கலந்ததே காரணம் என்பதை விஞ்ஞானிகள் காட்டினார்கள். சுமார் 10,000 பேர் இறந்தார்கள். இழப்பீடு கேட்டவர்களுக்கு 2013 பிப்ரவரியில் ஐ.நா. பதில் எழுதியது. உங்கள் கோரிக்கை ‘ஏற்கத்தக்கதல்ல’ என்பதே அந்தப் பதிலின் சாரம். பொய் என்று சொல்லவில்லை, தவறு என்று சொல்லவில்லை. எங்கள் வாசலுக்குள் வரும் வகையைச் சேர்ந்த மனு அல்ல என்றார்கள் சட்டத் துறையினர். தன் பங்கை ஐ.நா. ஒத்துக்கொண்டது 2016-ல். அந்த ஆண்டு டிசம்பர் 1-ல் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். மாதக் கடைசியில் அவருடைய பதவிக்காலமும் முடிந்தது.

அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஐ.நா.வுக்குச் சொந்தப் படை இல்லை, சொந்தப் பணம் இல்லை. நாடுகள் விரும்பாததைச் செயலகம் செய்ய முடியாது. இலங்கைப் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், 2009 மே 27-ல் மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பாராட்டும் தொனியில் தீர்மானம் போட்டது. ஆதரித்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இப்படிப்பட்ட எஜமானர்களை வைத்துக்கொண்டு ஊழியர்களைத் திட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. படை அனுப்பச் சொல்லி யாரும் அதிகாரிகளைக் கேட்கவில்லை. தங்கள் கையில் இருந்த எண்ணைச் சொல்லியிருக்கலாம். நாடுகள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், பழி நாடுகளின் தலையில் போயிருக்கும். சொல்லாததால் நாடுகளுக்கு ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற சலுகை கிடைத்தது.

விலகிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். இராக் மீதான பொருளாதாரத் தடை குழந்தைகளைக் கொல்கிறது என்று சொல்லி, பாக்தாத்தில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குத் தலைவராக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-ல் அதே காரணம் சொல்லி விலகினார். அடுத்தடுத்து இரண்டு பேர்! இருவருமே முப்பது ஆண்டுக்கு மேல் ஐ.நா.வில் இருந்தவர்கள். தடை அப்போது நீங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதன் விலை என்ன என்று தெரியாது என யாரும் அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை.

பெட்ரி அறிக்கைக்குப் பிறகு, 2013-ல், மனித உரிமைக்கு முன்னுரிமை என்ற பெயரில் ஐ.நா. ஒரு சீர்திருத்தத்தைத் தொடங்கியது. பயிற்சி வகுப்புகள், புதிய குழுக்கள், சுற்றறிக்கைகள். 2017 ஆகஸ்டில் மியான்மரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டபோது அங்கிருந்த ஐ.நா. அலுவலகத்தில் மறுபடி அதே சண்டை: வெளிப்படையாகப் பேசுவதா, அரசோடு இணக்கமாக இருந்து வளர்ச்சிப் பணியைக் காப்பாற்றுவதா? 2019-ல் கெர்ட் ரோசெந்தால் எழுதிய அறிக்கை இதை அமைப்பு முழுவதின் தோல்வி என்றது. தனிநபர் எவரையும் பொறுப்பாக்குவது சரியல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. எல்லோரும் தோற்றார்கள் என்றால் யாரும் தோற்கவில்லை என்று பொருள். அமைப்பு என்ற பெயரில் ஊழியர் யாரும் கிடையாது. அதற்கு ஒப்பந்தமும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. அந்தத் தொலைநகல் பதிலை வரைந்தவர், அந்த எண்ணை வெட்டியவர், அந்த எழுவாயை நீக்கியவர் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு.

வெளியான பெட்ரி அறிக்கையில் சில பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கின்றன. வரைவில் இருந்த சுருக்கப் பகுதி இறுதி அறிக்கையில் இல்லை. தன் தவறைத் தானே விசாரித்த அறிக்கையிலும் ஐ.நா. அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

அந்தோனியோ குத்தேரஸின் பதவிக்காலம் 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது. அடுத்த பொதுச்செயலராக விரும்புகிறவர்கள் பொது அவையின் முன் வந்து உறுப்பு நாடுகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் 2016-ல் இருந்து இருக்கிறது. இந்தியாவின் பிரதிநிதியும் அங்கே உட்கார்ந்திருப்பார். பருவநிலை பற்றியும் சீர்திருத்தம் பற்றியும் கேட்பார்கள், கேட்கட்டும். கூடவே ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியுறவு அமைச்சகத்தை வலியுறுத்த வேண்டும்: பெட்ரி அறிக்கையில் கறுப்பு மை பூசிய வரிகளைப் பதவியேற்ற முதல் மாதத்தில் வெளியிடுவீர்களா, மாட்டீர்களா?